பல் கட்டப் போனவளின் கணக்கு நோட்டு

போன பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் இம்ப்ளான்ட் பற்றி வெளிநாட்டுப் பல் மருத்துவமனைக்கு எழுதிக் கேட்டால் பதிலில் முதலில் வருவது ஒரே ஓர் எண். 'ஒரு இம்ப்ளான்ட்டுக்கு இவ்வளவு.' அந்த எண்ணைத் தம் ஊர் மருத்துவர் சொன்ன தொகைக்குப் பக்கத்தில் எழுதிக் கழித்துப் பார்த்து, மிச்சத்தில் நாலு இடம் சுற்றிப் பார்த்துவிட்டும் வரலாம் என்று கிளம்பிவிட்ட ஓய்வூதியர்களை எனக்குத் தெரியும். நான் பணிக்காலம் முழுவதும் தணிக்கைப் பிரிவில், பிறர் எழுதிய கணக்கைச் சந்தேகத்தோடு படித்தே சம்பளம் வாங்கியவள். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, இது எதன் விலை என்பதுதான்.

பெரும்பாலும் அது எலும்புக்குள் திருகி இறக்கும் டைட்டானியம் வேரின் விலை மட்டும். அதன் மேல் இணைப்பாக நிற்கும் அபட்மென்ட் தனி. கண்ணுக்குத் தெரிகிற, மெல்லுகிற கிரவுன் தனி. ஸ்கேன், பல் பிடுங்குவது, எலும்புத்தூள் வைப்பது, ஈறு ஆறும்வரை வைக்கும் மூடி, தற்காலிகப் பல், மயக்க மருந்து, மாத்திரைகள் என்று பின்னால் வரிசையாக நிற்பவை பல. சில மருத்துவமனைகள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கின்றன, சில சொல்வதில்லை. சேர்த்துச் சொல்பவரின் தொகை பெரிதாகத் தெரிவதால் நாம் சேர்க்காதவரிடம் போய் விழுகிறோம். நான் எல்லாருக்கும் ஒரே கேள்வியை எழுத்தில் அனுப்பினேன்: 'நிலையான பல் பொருத்தி, நான் மென்று சாப்பிடும் நாள்வரை உங்களுக்குத் தர வேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு? அதில் எது சேரவில்லை?' இரண்டாவது பாதிக்கு நேராகப் பதில் சொன்னவர்கள் குறைவு. பட்டியல் அங்கேயே பாதியாகச் சுருங்கிவிட்டது.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எனக்குச் சொல் அப்படியேதான் இருந்தது, மெல்லுவதுதான் போயிருந்தது. கீழ்த்தாடையின் இடப்பக்கமும் மேல்தாடையின் வலப்பக்கமும் கடைவாய்ப் பற்கள் இல்லை. இரண்டு பக்கமும் ஒழுங்காகக் கடிக்க முடியாமல் முன்பற்களால் கொறித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உள்ளூரில் சொன்ன தொகை என் சேமிப்புக்கு அதிகம். ஆகவே வெளிநாடு என்ற யோசனை வந்தது.

யோசனை வந்தவுடன் டிக்கெட் விலை பார்க்காமல், முதலில் எலும்பைப் பார்த்தேன். இந்தச் சிகிச்சையின் பட்ஜெட்டைத் தீர்மானிப்பது ஒரு பல்லின் விலையைவிட, எத்தனை முறை போய்வர வேண்டும் என்பதுதான். எத்தனை முறை என்பதைத் தீர்மானிப்பது நம் தாடை எலும்பு. மருத்துவமனை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் எலும்பு தள்ளுபடி கொடுக்காது.

காரணம் இந்தச் சிகிச்சை பிறந்த விதத்திலேயே இருக்கிறது. சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க் 1952இல் முயல்களின் கால் எலும்பில் டைட்டானியக் கருவியைப் பொருத்தி, எலும்பு ஆறுவதை ஆராய்ந்தார். ஆய்வு முடிந்து கருவியை எடுக்கப் பார்த்தால் வரவில்லை, எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965இல் முதல்முறையாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டானிய வேர்களைப் பொருத்தினார். அவர் வகுத்த முறையில் கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் காத்திருப்பு. மேல்தாடை எலும்பு மென்மையானது, அதனால் கூடுதல் காலம். இன்றைய இம்ப்ளான்ட்களின் மேற்பரப்பு மேம்பட்டிருப்பதால் நல்ல எலும்பில் இந்தக் காலம் குறையலாம். ஆனாலும் வேர் வைப்பதும் பல் வைப்பதும் பெரும்பாலும் இரண்டு தனித்தனிப் பயணங்கள். இடையில் பிடுங்க வேண்டிய பல் இருந்தாலோ, எலும்பு வளர்த்து அது முதிரக் காத்திருக்க வேண்டியிருந்தாலோ, இன்னொரு பயணம் முளைக்கும்.

பல் சுற்றுலாவுக்குப் பெயர்போன ஊர்களைப் பாருங்கள். மெக்சிகோவின் லாஸ் அல்கோடோனஸ், அமெரிக்க எல்லையை ஒட்டிய சிறிய ஊர். ஹங்கேரியின் மோசோன்மாஜரோவார், ஆஸ்திரிய எல்லைக்குப் பக்கம். எல்லைக்கு அப்பாலிருந்து வருபவர்கள் காரில் வந்து, நடந்து கடந்து, வேலை முடிந்ததும் திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒருமுறை கூடுதலாக வருவது பெரிய செலவில்லை. கடல் கடந்து போகிறவருக்கு அதே கூடுதல் முறை பட்ஜெட்டையே கவிழ்த்துவிடும். 'அவருக்கு மலிவாக முடிந்ததாமே' என்று கேட்கும்போது, அவர் எங்கிருந்து போனார் என்பதையும் கேளுங்கள்.

ஆகவே சொந்த ஊரிலேயே, சிபிசிடி எனப்படும் முப்பரிமாண ஸ்கேன் எடுத்தேன். சாதாரண எக்ஸ்ரே எலும்பின் உயரத்தை ஓரளவு காட்டும், அகலத்தைக் காட்டாது. வேருக்கு இரண்டும் வேண்டும். அச்சிட்ட படத்தோடு திருப்தி அடையாமல், டைகாம் எனப்படும், ஸ்கேனின் மூலக் கணினிக் கோப்பையே கேட்டு வாங்க வேண்டும், அதைத்தான் வெளிநாட்டு மருத்துவர் தன் கணினியில் திறந்து அளக்க முடியும். மொத்தச் செலவில் இந்த ஸ்கேனுக்குக் கொடுத்த தொகை மிகச் சிறியது. அது மிச்சப்படுத்தியதோ வேறு எதுவும் மிச்சப்படுத்தாத அளவு.

ஏனென்றால் ஒரே கோப்புக்கு வெவ்வேறு மருத்துவமனைகளிலிருந்து வந்த திட்டங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தன. ஒன்று, இல்லாத ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு வேர் என்று எழுதியது. இன்னொன்று, நன்றாக இருக்கும் பற்களில் சிலவற்றையும் எடுத்துவிட்டு மேல்தாடை முழுவதும் புதிதாகக் கட்டலாம் என்றது. அதை எழுதியவர் மருத்துவரா விற்பனைப் பிரிவா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். மூன்றாவது இடத்தில் ஒரு மருத்துவர் காணொளி அழைப்பில் வந்து, ஸ்கேனைத் திரையில் காட்டி, 'மேல்தாடைக்கு மேலே இருக்கும் சைனஸ் என்ற காற்றறை கீழே இறங்கியிருக்கிறது, அதைச் சற்று உயர்த்தி எலும்புத்தூள் வைக்க வேண்டும். ஆனால் ஏற்கெனவே இருக்கும் எலும்பின் உயரம் போதுமானதாக இருப்பதால் அதே அமர்வில் வேரையும் வைத்துவிடலாம்' என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்கு ஒரு முழுப் பயணத்தின் செலவைக் குறைத்தது. எலும்பு இன்னும் குறைவாக இருந்திருந்தால் முதலில் தூள் மட்டும் வைத்து, பல மாதம் காத்திருந்து, பிறகு மறுபடி போய் வேர் வைக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, எத்தனை பல் வேண்டும் என்ற கேள்வி. இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும். நெதர்லாந்தின் பல் மருத்துவ ஆய்வாளர் ஆர்ன்ட் கைசர் 1980களின் தொடக்கத்திலேயே, கடைவாய்ப் பற்கள் எல்லாம் இல்லாமலேயே பலரால் போதுமான அளவு மெல்ல முடிகிறது, குறுகிய பல்வரிசையோடு நன்றாக வாழ முடிகிறது என்று காட்டியிருக்கிறார். ஜப்பானில் 1989இல் தொடங்கிய '8020' இயக்கத்தின் குறிக்கோளும் 80 வயதில் 20 பற்கள் என்பதுதான், ஞானப்பற்கள் நீங்கலான முழு வரிசையான 28 அல்ல. என் உள்ளூர் மருத்துவரிடம் இதைக் கேட்டேன். வாயைத் திறக்கச் சொல்லி, கடித்துக் காட்டச் சொல்லி, 'கடைசிப் பற்களை விட்டுவிடலாம் அம்மா. அங்கே பிரஷ் எட்டுவதும் கஷ்டம்' என்றார். பட்ஜெட்டில் பெரிய வெட்டு அங்கேதான் விழுந்தது. பேரம் பேசிப் பெறும் தள்ளுபடி எதுவும் இதற்கு ஈடாகாது. எல்லா வாய்க்கும் இந்தப் பதில் பொருந்தாது, ஆனால் கேள்வி பொருந்தும்.

பற்கள் அனைத்தும் போய்விட்டவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவருக்கு இரண்டு இம்ப்ளான்ட்களின் மேல் கவ்விக்கொள்ளும் கழற்றக்கூடிய பல்செட்டை முதல் தேர்வாகக் கருதலாம் என்று அறிக்கை வெளியிட்டார்கள். நான்கு, ஆறு, எட்டு என்று வேர்களை அடுக்கி நிலையான வரிசை கட்டுவதைவிடச் செலவு வெகுவாகக் குறைவு, சுத்தம் செய்வதும் எளிது. கவ்வும் பகுதியிலுள்ள நைலான் வளையங்களை அவ்வப்போது மாற்ற வேண்டும், அது சிறு செலவு. விளம்பரங்களில் இதைக் காண்பது அரிது. அங்கே 'ஒரே நாளில் புதிய பற்கள்' என்பதுதான் கொட்டை எழுத்தில் இருக்கும். போர்ச்சுகலின் பல் மருத்துவர் பாலோ மாலோ பரவலாக்கிய, நான்கு வேர்களில் முழு வரிசையைத் தாங்கும் முறை நல்ல முறைதான். ஆனால் அன்றைக்கே மாட்டிவிடுவது பொதுவாகத் தற்காலிக வரிசை. நிலையானது சில மாதங்கள் கழித்து வரும், அதற்கு மறுபடி போக வேண்டும். சில இடங்களில் அதற்குத் தனிப் பில்.

நம் வயதில் பட்ஜெட்டின் இன்னொரு பகுதி மருந்துப் பெட்டியில் இருக்கிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் புண் ஆறுவது தாமதமாகும், நல்ல மருத்துவர் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார். அங்கே போய்ச் சேர்ந்தபின் தள்ளிப்போட்டால் டிக்கெட்டும் அறை வாடகையும் கையைவிட்டுப் போகும். அதனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை அறிக்கை கையில் வந்தபிறகே டிக்கெட் எடுத்தேன். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை எழுதித்தந்த மருத்துவரிடம் கேட்காமல் தாங்களாக நிறுத்தக் கூடாது. புகைபிடிப்பவர்களுக்கு வேர் பிடிக்காமல் போகும் வாய்ப்பு கூடுதல், அது மறைக்கக்கூடிய விஷயமும் அல்ல.

என் தங்கை துணைக்கு வந்தாள். வருகிறவள் சும்மா ஏன் வர வேண்டும், தனக்கும் ஒரு பல் வைத்துக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். 'அக்கா, ஒரே டிக்கெட்டில் இரண்டு வேலை' என்று கணக்குச் சொன்னாள். அவள் எலும்புத் தேய்மானத்துக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி போட்டுக்கொள்பவள். இந்த ஊசியும், அலெண்ட்ரோனேட் வகை மாத்திரைகளும் எலும்பு கரைவதைத் தடுப்பவை. அரிதாக, இவற்றை எடுத்துக்கொள்பவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்திலோ தாடையில் ஆபரேஷன் செய்த இடத்திலோ எலும்பு ஆறாமல் அழுகிப்போவதுண்டு. ஊசியைத் தானாக நிறுத்தினால் முதுகெலும்பு முறிவு அபாயம் திரும்பி வரும் என்பதால் அதுவும் வழியல்ல. அவளுடைய எலும்பு மருத்துவரும் பல் மருத்துவரும் பேசிக்கொண்டபின், இப்போதைக்கு, பக்கத்துப் பற்களின் மேல் தாங்கவைத்துக் கட்டும் பிரிட்ஜ் போதும் என்று முடிவானது. அதை உள்ளூரிலேயே கட்டிக்கொண்டாள். வெளிநாட்டு மருத்துவமனையின் முன்விசாரணைப் படிவத்தில் எலும்பு மருந்து பற்றிக் கேள்வியே இல்லை என்றால், அந்த இடத்தை நான் அடித்துவிடுவேன்.

பயணச் செலவுக்கு வருகிறேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி ஒரே ஒரு பல்லுக்காகக் கடல் கடப்பவருக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது. டிக்கெட், அறை, துணைக்கு வருபவரின் டிக்கெட், விசா, காப்பீடு ஆகியவை ஒரு பல்லுக்கும் ஒன்றுதான், ஆறு பல்லுக்கும் ஒன்றுதான். பல் எண்ணிக்கை கூடும்போதுதான் வெளிநாடு இலாபமாகிறது. ஒன்று, இரண்டு என்றால் பெரும்பாலும் உள்ளூரே மேல், அதுவும் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணம் பல இடங்களில் குறைவு. காத்திருப்பு அதிகம்தான். ஓய்வுபெற்ற நமக்கு அந்த ஒன்றுதான் தாராளமாக இருக்கிறது.

தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டையே எடுத்தேன், சற்று விலை கூடுதல். அதை வீண் என்று தங்கை முணுமுணுத்தாள். இரண்டாவது பயணத்தில் ஒரு கிரவுன் கடிப்பில் உயரமாக இருந்து, ஆய்வகத்துக்குத் திரும்பிப் போய், மறுபடி வரத் தாமதமானது. தேதியை நகர்த்த முடிந்ததால் பிழைத்தோம். அடுத்த நாள் விமானம் என்று தெரிந்தால் மருத்துவரும் 'பரவாயில்லை, பழகிவிடும்' என்பார், நாமும் தலையாட்டிவிடுவோம். பழகாது. உயரமாக இருக்கும் பல் மீது அழுத்தம் கூடிக்கொண்டே போகும். கூடுதலாக ஒரு வாரம் தங்குவதற்கான பணத்தைக் கையிருப்பாக வைத்துக்கொள்வது சிகிச்சையின் ஒரு பகுதி என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கும் இடத்தில் அடுப்பு இருக்க வேண்டும். ஆபரேஷனுக்குப்பின் குழைய வெந்த, ஆறிய உணவைத்தான் சாப்பிட முடியும். அதை உணவகங்களில் கேட்டு வாங்குவது சிரமம், செலவும்கூட. மருத்துவமனைக்கு நடக்கும் தூரத்தில் சாதாரண அறை எடுப்பது, தொலைவில் அழகான அறை எடுத்து டாக்சிக்குக் கொடுப்பதைவிட மலிவாக முடிந்தது. சைனஸை உயர்த்தியவர்கள் விமானத்தின் காற்றழுத்த மாற்றத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். இரண்டு வாரமாவது பறக்க வேண்டாம் என்று சொல்லும் அறுவை மருத்துவர்கள் உண்டு. மூக்கைச் சீறக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். இந்தக் காத்திருப்பு நாட்களின் வாடகை எந்த மருத்துவமனைப் பட்டியலிலும் இருக்காது. சில நாடுகளில் சுற்றுலா விசாவில் சிகிச்சை பெற அனுமதி கிடையாது என்பதையும் தூதரக இணையதளத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பயணக் காப்பீடு இருக்கிறதே என்று நினைப்பவர்கள் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். திட்டமிட்டுப் போகும் சிகிச்சையையும் அதனால் வரும் சிக்கலையும் சாதாரணப் பயணக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. சிகிச்சைப் பயணத்துக்கென்றே தனிக் காப்பீடுகள் கிடைக்கின்றன, வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும். நான் விலை கேட்டேன், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு விதிவிலக்குகள் ஏராளம். அதை வாங்காமல், அந்தத் தொகைக்கு மேலும் சேர்த்து எதிர்பாராத செலவு என்று தனியாக ஒதுக்கினேன். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் அப்படி ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. முடியாதென்றால் பயணத்தை ஓராண்டு தள்ளிப்போடுவது நல்லது.

பணம் கொடுக்கும் விதத்திலும் பணம் போகும். வெளிநாட்டுக்கு அனுப்பினால் நம் வங்கி ஒரு கட்டணம் எடுக்கும், இடையிலுள்ள வங்கி ஒன்று எடுக்கும், பெறும் வங்கியும் எடுக்கலாம். முன்பணம் குறைவாகப் போய்ச் சேர்ந்ததாக மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தபோதுதான் பலர் இதைக் கவனிக்கிறார்கள். அட்டையில் கொடுத்தால் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் உண்டு. அட்டை இயந்திரம் 'உங்கள் நாட்டுப் பணத்திலேயே கழிக்கட்டுமா?' என்று பணிவாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லி அந்த நாட்டுப் பணத்திலேயே கழிக்கச் சொல்லுங்கள், இயந்திரம் தரும் மாற்று விகிதம் பொதுவாக மோசமானது. வேருக்கும் பல்லுக்கும் இடையில் மாதங்கள் ஓடுவதால் அந்நியச் செலாவணியின் ஏற்ற இறக்கம் வேறு. நான் இரண்டாம் கட்டத் தொகையை அன்றைய விகிதத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு கூட்டியே எழுதி வைத்திருந்தேன்.

மொத்தத்தையும் முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்றார்கள். மறுத்துவிட்டேன். வேர் வைத்த அன்று வேருக்கு, பல் வைத்த அன்று பல்லுக்கு என்று கட்டம் கட்டமாகக் கொடுப்பதில் நம் பிடி கொஞ்சம் மிஞ்சுகிறது. ரசீதில்லாமல் ரொக்கமாகக் கொடுத்தால் குறைத்துக்கொள்கிறோம் என்ற யோசனையும் வந்தது. ரசீது இல்லையென்றால் உத்தரவாதமும் இல்லை, வரிச்சலுகைக்கு வழியிருந்தால் அதுவும் இல்லை. கடைசி நாளில் பில்லில் 'ஈறு மூடி' என்று நான் அறியாத ஒரு வரி வந்து உட்கார்ந்திருந்தது. எல்லாம் சேர்த்த தொகை என்று அவர்களே எழுதிய கடிதத்தை அச்செடுத்து வைத்திருந்தேன், எடுத்து மேசையில் வைத்தேன். பொறுப்பாளர் உள்ளே போய்த் திரும்பி வந்து அந்த வரியை அடித்தார். சண்டை எதுவும் இல்லை. தொலைபேசியில் சொன்னதை எல்லாம் அன்றே கடிதமாக எழுதி அவர்களிடம் 'ஆம்' வாங்கி வைத்ததற்குப் பலன் அது.

பணம் எங்கிருந்து எடுப்பது என்பதை இளையவர்கள் யோசிப்பதில்லை, நாம் யோசித்தே ஆக வேண்டும். சம்பளம் திரும்ப வராது. எடுத்த தொகையோடு, அது ஆண்டுதோறும் தரவிருந்த வட்டியும் போகிறது. வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே உடைத்தால் வட்டியில் ஒரு பகுதி வெட்டு. நான் வேருக்கான தொகையை முதிர்வுக்கு வந்த ஒரு வைப்பிலிருந்தும், பல்லுக்கான தொகையை அடுத்து முதிரும் இன்னொன்றிலிருந்தும் எடுக்கும்படி பயணத் தேதிகளை அமைத்தேன். எலும்பு எப்படியும் காத்திருக்கச் சொல்கிறது, அந்தக் காத்திருப்பை வட்டிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். அவசர மருத்துவத்துக்கென்று வைத்திருக்கும் பணத்தில் கை வைக்கவே கூடாது. ஓய்வூதியத்தைக் காட்டி மாதத் தவணைக் கடன் வாங்கிப் பல் கட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. பல்லில்லாமல் சில காலம் வாழ முடியும். தவணை தவறினால் நிம்மதியாக வாழ முடியாது.

ஊர் திரும்பியபின் ஆகும் செலவை பெரும்பாலோர் நோட்டில் எழுதுவதே இல்லை. கிளம்புவதற்கு முன்பே உள்ளூர் மருத்துவரிடம் பேசி, வெளியில் வைத்த இம்ப்ளான்ட்டைத் தொடர்ந்து கவனிப்பாரா என்று கேட்டேன். எல்லாரும் சம்மதிப்பதில்லை, அதில் நியாயமும் இருக்கிறது. வேறொருவர் செய்த வேலைக்குப் பொறுப்பேற்பது யாருக்கும் பிடிக்காது. இவர் இரண்டு நிபந்தனை போட்டார். உள்ளே வைத்த பொருளின் நிறுவனம், மாதிரி, விட்டம், நீளம், தொகுப்பு எண் எல்லாம் உள்ள ஒட்டுச்சீட்டுகள் வேண்டும். அபட்மென்ட்டும் திருகும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால், அது தெரியாவிட்டால் ஒரு சிறு திருகு கழன்றால்கூடப் பொருத்தமான கருவி கிடைக்காது. ஸ்ட்ராமன், நோபல் பயோகேர், ஆஸ்டெம் போன்ற உலகெங்கும் புழங்கும் பெயர்களுக்கு உதிரிப்பாகம் பல நாடுகளிலும் கிடைக்கும். அந்தந்த ஊரில் மட்டும் கிடைக்கும் மலிவான தயாரிப்பு, பின்னாளில் அந்த ஊருக்கே நம்மை இழுக்கும். இரண்டாவது நிபந்தனை, கிரவுன் சிமென்ட்டில் ஒட்டாமல் திருகால் பொருத்தியதாக இருக்க வேண்டும் என்பது. பழுது வந்தால் கிரவுனை உடைக்காமல் கழற்றலாம். இரண்டையும் வெளிநாட்டு மருத்துவமனையிடம் முன்பே எழுதிப் பெற்றேன். பின்னால் ஒரு திருகு தளர்ந்து பல் லேசாக ஆடியபோது, உள்ளூரிலேயே ஒரே அமர்வில் இறுக்கிக்கொடுத்தார். கட்டணம் மிகச் சாதாரணம். அந்தச் சீட்டு இல்லாதிருந்தால் விமானம் ஏற வேண்டியிருக்கும்.

'வாழ்நாள் உத்தரவாதம்' என்ற சொல்லுக்கு நான் பட்ஜெட்டில் பூஜ்யம் மதிப்புப் போட்டேன். வேர் விழுந்தால் புதிய வேர் இலவசம், சரி. டிக்கெட், அறை, மறுபடி எலும்புத்தூள்? அவை நம்முடையவை. அதோடு ஆண்டுக்கு ஒருமுறை அவர்களிடமே பரிசோதனைக்கு வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பல உத்தரவாதங்களில் இருக்கிறது. இம்ப்ளான்ட்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பத்தாண்டு தாண்டி நிற்கின்றன என்பது நல்ல செய்திதான். ஆனால் நின்றால் போதாது, அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அழற்சி இல்லாமல் இருக்க வேண்டும். அழற்சி எலும்பைத் தின்னத் தொடங்கினால் வலி தெரிவதற்குள் பாதி போயிருக்கும். ஆண்டுதோறும் சுத்தம் செய்வது, அவ்வப்போது எக்ஸ்ரே, பல்லிடுக்குப் பிரஷ், இரவில் பல் நறநறப்பவர்களுக்குக் கவசம், இவற்றுக்கு நான் மாதாமாதம் ஒரு சிறு தொகையைத் தனியாகப் போட்டுவருகிறேன். மேலிருக்கும் கிரவுன் வேரைவிட முன்பே தேயலாம், உடையலாம். அதை மாற்றும் தொகையையும் பத்தாண்டுக் கணக்கில் சேர்த்துத்தான் உள்ளூர்த் தொகையோடு ஒப்பிட்டேன்.

அப்படி ஒப்பிட்டபோது எனக்குக் கிடைத்த இலாபம், முதலில் வந்த அந்த ஒற்றை எண் காட்டியதில் பாதிகூட இல்லை. மருத்துவமனைக்குப் போனது மொத்தச் செலவில் பாதியைச் சற்றே தாண்டியது, மீதி எல்லாம் வழிச்செலவும் கட்டணங்களும் பராமரிப்பும்தான். இருந்தாலும் இலாபம் இலாபம்தான், போனதில் எனக்கு வருத்தமில்லை. சைனஸ் வேலைக்கு அதே அமர்வு போதாது என்று அந்த மருத்துவர் சொல்லியிருந்தால் இன்னொரு பயணம் சேர்ந்து கணக்கு தலைகீழாகியிருக்கும், நான் உள்ளூரிலேயே கட்டியிருப்பேன். இப்போது யாராவது என்னிடம் எந்த நாடு மலிவு என்று கேட்டால், ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று திருப்பிக் கேட்கிறேன். எடுக்கவில்லை என்றால் பேச்சை அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.